ஆண்டறிக்கையும் அதன் வாசகர்களும்

கம்பெனிகள் முன்போல் இல்லை, இப்போது எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிடுகின்றன என்று ஓர் அபிப்ராயம் நம் படித்த வர்க்கத்தினரிடையே நிலைபெற்றிருக்கிறது. பத்திரிகைகள் விழித்துக்கொண்டிருக்கின்றன, அரசு விதிகள் போட்டிருக்கிறது, ஆகவே எந்த ஆலையும் தன் கழிவை இனி மறைக்க முடியாது, இருநூறு முந்நூறு பக்கத்துக்கு அறிக்கை போடுகிறார்களே பார்க்கவில்லையா என்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். சொல்பவர்கள் பார்த்திருக்கிறார்களா என்பதுதான் சந்தேகம். அறிக்கையைக் கையில் தூக்கிப் பார்த்து அதன் கனத்தில் திருப்தியடைவது, ஆயிரம் பக்கச் சரித்திர நாவலை அதன் பக்கங்களுக்காகவே கொண்டாடுகிற அதே மனோபாவம்தான்.

இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று கேட்பவர்களும் இருப்பார்கள். ஒரு கவிதையில் ஒரு சொல் பொய்யாக விழுந்துவிட்டால் அதைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறவர்கள் நாம். ஆண்டறிக்கை என்பதும் உரைநடைதான். இன்று அதிகமாகப் பிரசுரமாகிற, ஒருவராலும் விமர்சிக்கப்படாத உரைநடை. அதில் ஒரு சொல் பொய்யாக விழுந்தால் அதன் பலனை அனுபவிக்கிறவன் வாசகனல்ல, ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவன்.

ஓர் உதாரணம். 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வருகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி, கண் எரிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் தெருவில் ஓடினார்கள். நாற்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின் சாரம் இது: வழக்கமான பணியின்போது குழாயில் ஓர் அசாதாரண நிலை கவனிக்கப்பட்டது, உடனடியாக நிலைமை சீராக்கப்பட்டது, உள்ளூர்வாசிகளில் சிலர் அசௌகரியம் தெரிவித்தனர். இதில் ஒரு பொய்கூட இல்லை என்று வக்கீல் வாதாடலாம். அசாதாரண நிலைதான். அசௌகரியம்தான். ஆனால் எண்ணூர்க்காரரிடம் என்ன நடந்தது என்று கேட்டால் 'கேஸை விட்டுட்டான்' என்பார். அவருடைய வாக்கியத்தில் ஒரு 'அவன்' இருக்கிறான். நம் பேச்சுத் தமிழில் செயப்பாட்டு வினைக்கு இடமே குறைவு. எவனாவது ஒருவன் செய்தால்தான் காரியம் நடக்கும். 'கவனிக்கப்பட்டது', 'மேற்கொள்ளப்பட்டது', 'எடுக்கப்பட்டு வருகின்றன' என்கிற இந்த ஆளில்லாத் தமிழ், ஆங்கில அறிக்கைகளிலிருந்து செய்திக்குறிப்புகளுக்கும் அங்கிருந்து பத்திரிகைகளுக்கும் வந்து சேர்ந்தது. பத்திரிகை அதை அப்படியே அச்சிடும்போது, கம்பெனியின் இலக்கணம் ஊரின் இலக்கணமாகிவிடுகிறது.

எனக்கு வங்கியில் கடன் கோப்புகளோடு வேலை. ஒவ்வொரு கோப்பிலும் ஆண்டறிக்கை இருக்கும். லாப நஷ்டக் கணக்குப் பக்கத்தை நாங்கள் படிக்கிற விதமே வேறு. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு குறிப்பு, குறிப்புக்குப் பின்னால் ஒரு அட்டவணை, அதற்குப் பின்னால் தணிக்கையாளரின் கையெழுத்து. சரக்கு இருப்பு என்று ஒரு தொகை போட்டிருந்தால் கோடவுனுக்குப் போய்ப் பார்க்க ஆள் அனுப்புவோம். சுற்றுச்சூழல் பக்கம் வரும்போது மரக்கன்று நடுகிற படம் இருக்கும். புரட்டிவிடுவோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நகல் கோப்பில் இருக்கிறதா, தேதி முடியவில்லையே, சரி, ஒரு டிக். அந்த இசைவாணையில் எத்தனை நிபந்தனைகள் என்று படித்த கிளார்க்கை நான் இதுவரை சந்திக்கவில்லை.

ஒரே அறிக்கையில் ஒரு பக்கம் நம்பத்தகுந்ததாகவும் மறு பக்கம் வெறும் அலங்காரமாகவும் ஏன் இருக்கின்றன? எழுதுகிறவர்களின் நேர்மையில் வித்தியாசமில்லை. ஒரே கட்டடத்தில் ஒரே சம்பளப் பட்டியலில் இருக்கிறவர்கள்தான். லாபத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு எண் வேண்டும். எண் தப்பானால் தண்டிக்க அவர்களால் முடியும். புகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அந்தச் சக்தி இல்லை. 2013 ஏப்ரலில் தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது, சுற்றுப்புறத்தை மாசுபடுத்தியதற்காகவும், வாரியத்தின் இசைவு புதுப்பிக்கப்படாமலே நெடுங்காலம் ஆலையை ஓட்டியதற்காகவும். தொகையை நிர்ணயிக்க நீதிமன்றம் எதைப் பார்த்தது? கம்பெனியின் ஆண்டறிக்கையை. அதிலிருந்த லாபக் கணக்கை எடுத்து, அதில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவுதான் இந்தத் தொகை என்று தீர்ப்பில் சொன்னது. ஆலை என்ன கக்குகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் நாகபுரியிலிருந்து நீரி நிறுவனத்து விஞ்ஞானிகள் வந்து பார்க்க வேண்டியிருந்தது. லாபத்துக்குப் புத்தகம் போதும். விஷத்துக்கு நேரில் ஆள் போகவேண்டும்.

ஆக, கம்பெனி தானாக எதையும் சொல்வதில்லை. கேட்டால் பதில் சொல்கிறது. கேள்வி எப்படியோ பதிலும் அப்படி. பத்திரிகையும் அரசும் கேட்கின்றனவே என்றால், எப்படிக் கேட்கின்றன என்று பார்க்க வேண்டும்.

பத்திரிகை தனியாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போபாலைவிட வேறு சாட்சி வேண்டாம். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 'ரபட்' என்று ஒரு சின்ன ஹிந்தி வாரப் பத்திரிகை நடத்தினார். நம் சிற்றிதழ்கள் மாதிரி நாலு பேர் படிக்கிற பத்திரிகை. 1981 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் பாஸ்ஜீன் வாயு கசிந்து ஒரு தொழிலாளி செத்துப்போனதிலிருந்து அவர் விஷயத்தைத் தோண்ட ஆரம்பித்தார். 1982 செப்டம்பர் தொடங்கி, இந்த ஊர் எரிமலை வாயில் உட்கார்ந்திருக்கிறது என்று திரும்பத் திரும்ப எழுதினார். 1984 ஜூனில் 'ஜன்ஸத்தா' நாளிதழிலும் எழுதினார். இதே 1982 மே மாதத்தில் கார்பைடின் அமெரிக்கத் தலைமையகத்து நிபுணர்கள் வந்து ஆலையைச் சோதித்து, குறைகளைப் பட்டியல் போட்டு ஓர் அறிக்கை எழுதியிருந்தார்கள். ஆகவே உண்மை எழுத்தில் இருந்தது. அது கம்பெனியின் ஓர் ஆபீஸிலிருந்து இன்னோர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. சுவருக்கு வெளியே குடிசை போட்டிருந்தவர்களுக்கு அதில் ஒரு வரி கிடைக்கவில்லை. சட்டசபையில் கேள்வி வந்தபோது மாநிலத் தொழிலாளர் அமைச்சர், இருபத்தைந்து கோடி ரூபாய் முதலீடு இது, தூக்கி வேறிடத்தில் வைக்க இதென்ன கூழாங்கல்லா என்ற தோரணையில் பதில் சொன்னார். கேஸ்வானியின் கட்டுரைக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியமே கம்பெனிக்கு ஏற்படவில்லை. அரசே கம்பெனிக்காகப் பதில் சொல்லிவிட்டது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு நடந்தது உலகத்துக்குத் தெரியும். மறுநாள் காலையிலும், எதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று தெரியாமல் தவித்த டாக்டர்களிடம், கண்ணீர்ப் புகை மாதிரி எரிச்சல் தருவதுதான் என்று ஆலையின் மருத்துவ அதிகாரி சொன்னார். சாவு கண்ணெதிரே அடுக்கப்பட்டிருந்த நேரத்திலும் வெளிப்படுத்தல் அவ்வளவுதான். கேஸ்வானிக்கு அடுத்த வருஷம் கோயங்கா விருது கொடுத்தார்கள்.

பெரிய பத்திரிகைகள் ஒன்றுசேர்ந்து கூச்சலிட்டால் கதை வேறாகுமே என்பார்கள். ஆகிறது. என்னவாகிறது என்பதைக் கணக்கியல்காரர்கள் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பிரவுன், டீகன் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொழிலின் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பற்றிப் பத்திரிகைகள் அதிகமாக எழுத எழுத, அந்தத் தொழிலைச் சேர்ந்த கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் சுற்றுச்சூழல் பற்றிய பேச்சும் பெரும்பாலான தொழில்களில் அதிகமாகியிருப்பதைக் கண்டார்கள். நம் நடுத்தர வர்க்கத்து அபிப்ராயக்காரர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுக் கைதட்டுவார்கள். இதற்கு இரண்டு வருஷம் முன்பு அதே டீகன், ராங்கின் என்பவரோடு சேர்ந்து வேறொன்றைப் பார்த்திருந்தார். சுற்றுச்சூழல் குற்றத்துக்காக வழக்குப் போடப்பட்டுத் தண்டனை பெற்ற இருபது கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை எடுத்துப் படித்தார்கள். வழக்கு நடந்த வருஷத்தில் சுற்றுச்சூழலைப் பற்றி அந்தக் கம்பெனிகள் வழக்கத்தைவிட அதிகமாக எழுதியிருந்தன, அதாவது தாங்கள் செய்த நல்ல காரியங்களைப் பற்றி. தண்டனையைப் பற்றிப் பெரும்பாலானவற்றில் பேச்சே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் அதிகம் பேசுவான் என்பது கிராமத்துப் பஞ்சாயத்துக்காரருக்கே தெரியும்.

ஐரோப்பியர்கள் இதில் நம்மைவிட மேல் என்று நினைப்பவர்களுக்கு வோக்ஸ்வாகன். 2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீட்டில் மோட்டார் தொழிலின் முதலிடம் அந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது. சில தினங்களில், செப்டம்பர் 18ஆம் தேதி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதற்கு நோட்டீஸ் கொடுத்தது: சோதனைச் சாலையில் மட்டும் யோக்கியமாக நடந்துகொள்ளும்படி காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று. 2013இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் காரின் பின்னால் கருவியைக் கட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்ததால் வெளிவந்தது இது. அறிக்கைக்கு மார்க் போட்டவர்கள் அறிக்கையைப் படித்தார்கள். இவர்கள் புகைக்குழாயைப் படித்தார்கள்.

நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரப்பட்டு, 1980களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் கம்பெனியின் பெயரில் நிறுவப்பட்டது. பின்னர் கைமாறி இந்துஸ்தான் லீவரிடம் வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும், தெர்மாமீட்டராக வெளிநாட்டுக்கே போகும். உடைந்ததும் சிந்தியதும் நமக்கு. பின்புறம் சரிவில் பாம்பாறு சோலை. பதினேழு பதினெட்டு வருஷம் ஆலை ஓடியது. இத்தனை காலமும் சட்டங்கள் இருந்தன, வாரியம் இருந்தது, கம்பெனி வருஷா வருஷம் ஆண்டறிக்கை போட்டது, பத்திரிகைகள் கொடைக்கானலைப் பற்றிக் குறிஞ்சிப் பூவும் கோடை விழாவும் எழுதின. 2001 மார்ச் 7ஆம் தேதி ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் டன் கணக்கில் கிடந்த பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகளைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். ஆலை நின்றது.

அதற்குப் பிறகு வெளிவந்த தகவலின் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் கம்பெனி சொன்னது, நடைமுறையை மீறிக் கொஞ்சம் கண்ணாடிக் கழிவு விற்கப்பட்டுவிட்டது என்று. மறுபடியும் செயப்பாட்டு வினை. பிறகு வாரியம் கணக்குக் கேட்டது: எவ்வளவு பாதரசம் உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது, மீதி எங்கே? கம்பெனி கணக்குக் கொடுத்தது. தோட்டத்து மண்ணிலும் சோலையிலும் பாதரசம் இருப்பது பேச்சுக்கு வந்தது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஏழை நாட்டுக்கு வந்த கழிவு பணக்கார நாட்டுக்குத் திரும்பியது அபூர்வம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் இருந்தால் சுத்தம் என்று ஒப்புக்கொள்வது என்பதில், இருபது போதும் என்று ஒரு தரப்பும் பிரிட்டனில் இதை ஒப்புக்கொள்வார்களா என்று மறு தரப்புமாக, வருஷக்கணக்கில் இழுபட்டது. தொழிலாளர்களின் உடம்பைப் பற்றிய கேள்வி இன்னும் மோசம். தங்கள் ஆய்வுகளில் பாதரசத்தால் நோய் வந்ததாகத் தெரியவில்லை என்றே கம்பெனி சொல்லிவந்தது. 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் குழு வேறு முடிவுக்கு வந்தது. 2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த ஸோஃபியா அஷ்ரஃப் பாடிய ஒரு ராப் பாட்டு உலகம் பூராவும் பரவி, கம்பெனியின் லண்டன் தலைமை பதில் சொல்லும்படி ஆயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கை. அதற்குக் கம்பெனி கொடுத்த காரணம், மனிதாபிமானம். பதினைந்து வருஷப் போராட்டம் ஒரு குணவிசேஷமாகி, அதுவும் கம்பெனியின் குணவிசேஷமாகிவிட்டது.

பாட்டு வெற்றி, ஊடகம் வென்றது என்று எழுதினார்கள். பாட்டினால் கம்பெனி வாய் திறந்தது உண்மைதான். திறந்த வாயில் என்ன வந்தது என்று பார்த்தால், பாட்டுக்குக் கிடைத்தது உருக்கமான வாசகங்கள், வாரியத்துக்கும் கோர்ட்டுக்கும் கிடைத்தது டன்னும் மில்லிகிராமும். ஆனால் சில்லுகளைக் கடைத்தெருவில் கொண்டுவந்து காட்டியிராவிட்டால் வாரியம் கணக்குக் கேட்டிருக்காது, பதினெட்டு வருஷம் கேட்காதது போல.

அரசு தனியாகக் கேட்பதன் லட்சணத்தையும் சொல்லவேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 14ஆம் விதி என்று ஒன்று 1992இல் சேர்க்கப்பட்டது. இசைவாணை வேண்டிய ஒவ்வோர் ஆலையும் மார்ச் 31இல் முடிகிற வருஷத்துக்கு, ஐந்தாம் படிவத்தில், எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், எவ்வளவு மூலப்பொருள், என்ன மாசு எவ்வளவு வெளியேற்றினோம், அபாயக் கழிவு எவ்வளவு என்று எழுதி, செப்டம்பர் 30க்குள் வாரியத்திடம் கொடுக்கவேண்டும். நல்ல கேள்விகள். எண் கேட்கிற கேள்விகள். முதலில் இதற்குச் சுற்றுச்சூழல் தணிக்கை அறிக்கை என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷமே தணிக்கை என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் அறிக்கை என்றாக்கினார்கள். எந்தச் சொல் யாருக்கு உறுத்தியது என்று ஊகிக்கப் பெரிய விமர்சன மேதை தேவையில்லை. விதி, வாரியத்திடம் கொடு என்கிறது, ஊராரிடம் காட்டு என்று சொல்லவில்லை. மத்திய அரசின் அனுமதி பெற்ற பெரிய திட்டங்களுக்கு இதை வலைத்தளத்தில் போடு என்று அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். கடிதத்தில்.

இப்போது செபியின் முறை. 2012இல் முதல் நூறு கம்பெனிகளுக்கு ஒரு பொறுப்பு அறிக்கை. 2021 மே மாதத்தில் அதை விரித்து பி.ஆர்.எஸ்.ஆர். என்றாக்கி, 2022-23ஆம் நிதியாண்டிலிருந்து முதல் ஆயிரம் கம்பெனிகளுக்குக் கட்டாயமாக்கினார்கள். எந்தச் சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினாய், என்ன அபராதம், சொல் என்று அதில் நேரடியாகவே ஒரு கேள்வி இருக்கிறது. முன்னேற்றம்தான். பதில் எழுதுகிறவன் யார்? மீறியவனே. அடுத்து 2023இல் ஜன் விஷ்வாஸ் சட்டம் வந்து, 1986ஆம் வருஷச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை சிறை என்றிருந்ததை எடுத்துவிட்டு, பத்தாயிரத்திலிருந்து பதினைந்து லட்சம் வரை அபராதம் என்று போட்டது. ஜன் விஷ்வாஸ் என்றால் மக்கள் நம்பிக்கை. போபாலுக்குப் பிறகு பிறந்த சட்டம் அது என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ளவேண்டும். ஒரு பெரிய ஆலைக்குப் பதினைந்து லட்சம் என்பது காலண்டர் அச்சடிக்கிற செலவு. கேள்வியை நீளமாக்கிவிட்டுப் பிரம்பைக் கீழே வைத்த வாத்தியாருக்கு என்ன பதில் வருமோ அதுதான் வரும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் போபால்தான் காட்டியது, நமக்கல்ல, அமெரிக்கர்களுக்கு. போபாலும், அடுத்த வருஷம் மேற்கு வர்ஜீனியாவில் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் அதே கார்பைடின் ஆலையில் நடந்த கசிவும் சேர்ந்து, 1986இல் அங்கே ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தன. ஆலைகள் ஒவ்வொரு விஷத்துக்கும் எத்தனை பவுண்டு வெளிவிட்டோம் என்று அரசுக்குச் சொல்லவேண்டும். அரசு எல்லா ஆலைகளையும் ஒரே பட்டியலில் போட்டு ஊருக்குக் காட்டவேண்டும். 1989 ஜூனில் முதல் பட்டியல் வந்தது. ஜேம்ஸ் ஹாமில்டன் என்பவர் பின்னர் கணக்கிட்டார்: பட்டியல் வெளியான அன்று, அதில் இடம்பெற்ற கம்பெனிகளின் பங்கு மதிப்பு சராசரியாக 41 லட்சம் டாலர் குறைந்தது; அதிக விஷம் விட்டவர்களைப் பற்றியே நிருபர்கள் அதிகமாக எழுதினார்கள். நிருபர் ஆலைக்குள் எட்டிக் குதிக்க வேண்டியிருக்கவில்லை. பட்டியலில் முதல் பெயர் எது என்று பார்த்தால் போதும். எண்கள் ஆலைகளே சொன்னவைதான், மதிப்பீடுகள்தான். ஆனாலும் பக்கத்து ஆலையின் எண் பக்கத்திலேயே இருந்தது. அமெரிக்காவைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கம்பெனிகள் பருவநிலை அபாயங்களை வெளியிடவேண்டும் என்று 2024 மார்ச்சில் அங்கே பங்குச் சந்தை ஆணையம் போட்ட விதியை, ஒரு வருஷத்தில் அந்த ஆணையமே கோர்ட்டில் ஆதரித்து வாதாடாமல் கைவிட்டது.

நம் பத்திரிகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பக்கத்தில் கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம், ஐந்தாம் பக்கத்தில் அதே கம்பெனி பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர்த் தொட்டி கட்டிக்கொடுத்த படம், இதற்கு நடுவில் எண்ணூர் மீனவன் எங்கே நுழைவான்? ஆனால் நுழைந்துவிட்டால் பலன் இருக்கிறது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம் யாரும் மனுப் போடாமலே வழக்கு எடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. எண்ணூர்க் கசிவின்போது, பத்திரிகைச் செய்திகளை வைத்தே சென்னையிலுள்ள தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக வழக்கு எடுத்தது. அதன் பிறகுதான் 'அசௌகரியம்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தவற்றைப் பற்றி நிபுணர் குழுவும் வாரியமும் எண்களில் பேசத் தொடங்கின.

கடைசியாக ஒரு விஷயம். 2003 அக்டோபரில் அபாயக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆலைகள் தாங்கள் கையாளும் அபாயப் பொருள், வெளிவிடும் கழிவுநீர், புகை, திடக்கழிவு விவரங்களை வாசலுக்கு வெளியே பலகையில் எழுதி வைக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. ஊரார் படிப்பதற்காக, அப்போதைக்கப்போதைய எண்கள். பெரும்பாலான ஆலை வாசல்களில் பலகை இருக்கிறது. கடன் ஆய்வுக்காக மேலதிகாரியோடு ஒரு தொழிற்பேட்டைக்குப் போனபோது ஒரு பலகையை நின்று படித்தேன். முழுக்க ஆங்கிலம். கட்டங்களில் சில காலி. தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது, பெயிண்ட்டால் எழுதியிருந்தது. அந்த வழியாகத் தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் போகிறார்கள், வாரியத்து ஜீப்பும் போகிறது. தொழிற்பேட்டைகளுக்கு அருகே இருக்கிற வாசகர்கள் இந்தப் பலகைகளைப் படித்து, எண்களையும் தேதியையும் அப்படியே எழுதி அனுப்பினால், கவிதைக்கு ஒதுக்கிய பக்கங்களில் இரண்டை அதற்குத் தரும்படி ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.